டீசல்ல ஓடின தையல் மிஷின் - ஒரு கொசுவர்த்தி

போன மாசம் குன்னத்தூர்ல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு கை கழுவ மண்டபத்துக்குப் பின்னாடி போனா, ஒரு பழைய பச்சை ஜெனரேட்டர் நிக்குது. பக்கவாட்டுல ஆணியால கிறுக்கின என் பேரு! பத்தாவது படிக்கறப்போ நான் கிறுக்கினதுதான். (அப்போ ஆணியால கிறுக்கினேன், இப்போ பெங்களூர்ல ஆணி புடுங்கறேன்.) அது எங்க மாமாவோட ஜெனரேட்டர். சரி, கொசுவர்த்தியைச் சுத்திர வேண்டியதுதான்னு இந்தப் பதிவு.

1932ல பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்ச பிறகுதான் கோவைப் பக்கம் மில்லுங்க மளமளன்னு பெருகுச்சு. அதுக்கு முன்னாடி மில்லு நடத்தணும்னா சொந்தமா நீராவி இன்ஜினோ ஆயில் இன்ஜினோ வாங்கிப் போட காசு வேணும். கம்பியில கரண்டு வந்ததாலதான் பின்னாடி பத்து மிஷின் போட்டவனும் முதலாளி ஆக முடிஞ்சது. 2012ல இது அப்படியே தலைகீழாச்சு. அவனவன் இன்ஜினை அவனவனே வச்சுக்கணும்!

பிரச்சினை 2008லயே ஆரம்பம். அந்த நவம்பர்ல உயரழுத்த இணைப்பு வச்சிருந்த பெரிய ஆலைகளுக்கு 40 சதவீதம் வெட்டு. சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் ஏறக்குறைய லைட் எரியற அளவுக்குத்தான் அனுமதி. ஆற்காட்டாரைக் கிண்டல் பண்ணாத பதிவரே அப்போ கிடையாது. 2011ல ஆட்சி மாறுச்சு, இருட்டு மாறல. 2012 அக்டோபர்ல சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டுன்னா எங்க ஊர்ல 14 மணி நேரத்துக்கும் மேல. ஏன் அக்டோபர்? காத்தாலைதான் காரணம். ஆடிக்காத்து அடிக்கற வரைக்கும் சமாளிக்கலாம், காத்து நின்னா கதை முடிஞ்சுது. வெளி மாநிலத்துல காசு குடுத்து வாங்கலாம்னா கொண்டு வர லைன் பத்தாது. தென்னக கிரிட் தேசிய கிரிட்டோட சேர்ந்ததே 2013 டிசம்பர் 31லதான். (அதனாலதான் 2012 ஜூலையில வட இந்தியாவே இருண்டப்போ நாம தப்பிச்சோம், அது வேற கதை.)

வீட்டுல இன்வெர்ட்டர் இருந்துச்சு. ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போனா பேட்டரி எங்க நிறையும்? ராத்திரி 2 மணிக்கு 'பீப் பீப்'னு கத்திட்டு அதுவும் படுத்துக்கும்.

மாமாவுக்கு 12 பவர் டேபிள். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்துத்தான். திருப்பூர் கம்பெனிக்கு ஜாப் ஒர்க், பீஸ் ரேட். கடன் வாங்கி செகண்ட் ஹேண்ட்ல 15 கேவிஏ ஜெனரேட்டர் போட்டார். நல்லா லோடு குடுத்தா ஒரு லிட்டர் டீசலுக்கு மூணு, மூணேகால் யூனிட் கிடைக்கும். 2012 செப்டம்பர்ல டீசல் 5 ரூபாய் ஏறி லிட்டர் 50 ரூபாய் பக்கம் வந்துச்சு. யூனிட் 15 ரூபாய்! பெரிய ஆலைக்கு கம்பியில வர்றது அப்போ அஞ்சரை ரூபாய். மாமா யூனிட்ல பாதி லோடுதான், அப்போ ஜெனரேட்டர் இன்னும் கூடக் குடிக்கும். மணிக்கு ரெண்டேகால் லிட்டருக்கு மேல. ஒரு நாளைக்கு 7 மணி நேரம் ஓட்டினா 800 ரூபாய் புகையாப் போகும்.

பெரிய கம்பெனிக்காரன் அதை விலையில ஏத்திக் கேக்கலாம், இல்லாட்டி தாங்கிக்கலாம். சாயப்பட்டறைக்காரனுக்கு வேற வழியே இல்லை, துணி மிஷினுக்குள்ள இருக்கறப்போ கரண்டு போனா கலர் திட்டுத்திட்டா ஆயிரும். ஜாப் ஒர்க்காரன் யாரைக் கேப்பான்? மாமா பீஸுக்கு அம்பது பைசா சேர்த்துக் கேட்டுப் பார்த்தார். "முடியாட்டி விடுங்க, வேற ஆள் இருக்காங்க"ன்னு பதில் வந்துச்சு.

ஒரு நாள் நான் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பப் போனேன். "வேண்டாம் மாப்ள, அரை மணி நேரம் பாக்கலாம், கரண்டு வந்தாலும் வந்துரும்"னார். தையல்காரங்க பன்னண்டு பேரும் மிஷின் முன்னாடி சும்மா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கும் பீஸ் ரேட்தான். அந்த அரை மணி நேரத்துக்கு அவங்களுக்கு யாரும் காசு தரல. இப்போ யோசிச்சா அதுதான் உறைக்குது, அன்னிக்கு எனக்கு மாமாவோட டீசல் மட்டும்தான் தெரிஞ்சது.

2013 தை மாசம் யூனிட்டை மூடிட்டார். மிஷினெல்லாம் தனித்தனியாப் போச்சு. மேட்டூர்ல புது 600 மெகாவாட் வந்தது, கூடங்குளம் கிரிட்டுல சேர்ந்தது எல்லாம் அந்த வருஷக் கடைசியிலதான். ஆலைகளுக்கான வெட்டு முழுசா எடுத்தது 2015ல.

ஜெனரேட்டரை மண்டபத்துக்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கிட்டார். கல்யாணத்தன்னிக்கு அது ஓடவே இல்லை. மாமாவும் பந்தியில இருந்தார். நான் பின்பக்கம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். "பெல்ட் மாத்திருக்காங்களா?"ன்னு மட்டும் கேட்டார்.