அருப்புக்கோட்டை: புதிதாகக் குடிவருவோர் அறிய வேண்டிய ஆறு செய்திகள்

மதுரைக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அருப்புக்கோட்டை. நாங்கள் இங்கே குடிவரப் போகிறோம் என்றதும், "அது வானம் பார்த்த பூமி, வெயிலைத் தவிர ஒன்றும் கிடையாது" என்றுதான் பலரும் சொன்னார்கள். வந்து பார்த்தபோது அதில் பாதிதான் உண்மை என்று தெரிந்தது. சொந்த வீடு, தொழில், பிள்ளைகளின் படிப்பு என்று இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக, நாங்கள் அறிந்துகொண்டவற்றைத் தருகிறோம்.

1. மழை குறைவில்லை, காலம்தான் குறைவு

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் மானாவாரி விவசாயிகள் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதற்குப் புழுதி விதைப்பு என்று பெயர். சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, மல்லி, பயறு வகைகள் எல்லாம் கரிசல் மண் பிடித்துவைக்கும் ஈரத்தில் விளைகின்றன. வறண்ட நில விவசாயத்துக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் அருப்புக்கோட்டையில் இருக்கிறது.

2. கண்மாய்கள் சங்கிலியாக இணைந்தவை

வடமாவட்டத்தில் ஏரி என்பதை இங்கே கண்மாய் என்பார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் உபரி நீர் கலுங்கு வழியாக வெளியேறி, அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். குண்டாற்றுப் படுகை முழுக்க இந்த ஏற்பாடுதான். நடுவில் ஒரு வரத்துக்கால்வாய் அடைபட்டால் கீழே உள்ள ஊர்கள் எல்லாம் காயும். கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிநீருக்கு என்று முன்னோர் பிரித்து வைத்திருந்தார்கள்.

3. நாம் குடிப்பது வெளியூர் ஆற்று நீர்

அருப்புக்கோட்டைக் குழாய்களில் வருவது வைகை நீரும் தாமிரபரணி நீரும்தான். இரண்டு ஆறுகளும் நகரைத் தொட்டு ஓடவில்லை. பல மைல் தூரம் குழாயில் வந்து சேரும் தண்ணீர் இது. நாள்தோறும் குழாய் திறக்கும் ஊர்களில் வாழ்ந்தவர்கள் முதலில் பழக வேண்டியது இதற்குத்தான். தொட்டி கட்டாமல் இங்கே வீடு கட்டாதீர்கள்.

4. தறியும் பல மொழிகளும்

2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 87 ஆயிரத்துக்கும் மேல். நெசவு இங்கே பழைய தொழில். இன்று பல தெருக்களில் விசைத்தறியின் ஓசை கேட்கிறது. பருத்திச் சேலைகள் வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. தெருவில் தமிழும் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசும் நெசவாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மொழி வேறாக இருப்பது இங்கே யாருக்கும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. புதியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

5. சிறிய ஊர்களின் பெரிய பெயர்

1977 தேர்தலில் எம்.ஜி.ஆர். வென்றது அருப்புக்கோட்டைத் தொகுதியில்தான். அந்த ஆண்டுதான் அவர் முதன்முறையாக முதலமைச்சரானார். அருகிலுள்ள திருச்சுழி, 1879 டிசம்பர் 30 அன்று ரமணர் பிறந்த ஊர். அவரைத் தேடி வெளிநாட்டவர்கள் இந்தச் சிற்றூருக்கு வருவதைக் காணலாம். விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதையில் இரண்டு ஊர்களுக்கும் நிலையம் உண்டு.

6. சீமைக் கருவேலம்: பகையும் பிழைப்பும்

தரிசு நிலங்களிலும் கண்மாய்க்குள்ளும் மண்டிக் கிடக்கும் இந்த மரம், 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. கண்மாயைத் தூர்த்து, விளைநிலத்தை விழுங்குகிறது என்று திட்டாதவர் இல்லை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அதை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் திருச்சுழிப் பக்கத்துப் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. வேரோடு அகற்றச் சொல்பவர்கள், அந்த மக்களுக்கு மாற்று வேலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனை வாங்குமுன்

நகரைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகுகின்றன. முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். கால்வாய், ஊருணி, நீர்நிலைப் புறம்போக்கு என்று குறிப்பு இருந்தால் விலகிவிடுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேளுங்கள். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். அடித்தளத்தில் சிக்கனம் பார்த்தால் சுவர் விரிசல் விடும். அதனால் பொறியாளரைக் கேட்காமல் வானம் தோண்டாதீர்கள்.

2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். இங்கே அதைச் சட்டத்துக்காகச் செய்வதை விட, நமக்காகவே செய்துகொள்வது நல்லது. வெளியூர் ஆறு நமக்குத் தண்ணீர் தருகிறது. நம் கூரையில் விழும் மழையையும் நம் ஊர்க் கால்வாயையும் காப்பது, பிழைக்க வந்த நாம் இந்த மண்ணுக்குச் செய்யும் கைம்மாறு.