'பிப் இன்ஸ்டால்' போட்டா எரர் வருதா? லினக்ஸ் ஏன் தடுக்கிறது? தீர்வு என்ன?

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'பிப் இன்ஸ்டால்' கொடுத்தால், 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்ற எரர் பலருக்கும் வருகிறது. பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. சிஸ்டத்தைப் பாதுகாக்கவே இந்தத் தடை.

சிக்கல் எங்கே?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இன்ஸ்டாலர்கள் வேலை செய்கின்றன. ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் 'ஆப்ட்'. எந்த சாஃப்ட்வேருக்கு எந்த வெர்ஷன் சரிப்படும் என்று கணக்கு வைத்திருப்பது இதுதான். இன்னொன்று, பைதானுக்கான 'பிப்'. இது இணையத்திலிருந்து புதிய வெர்ஷனை நேரடியாக இறக்கும். அப்படி இறக்கியது ஆப்ட்டின் கணக்கில் ஏறாது.

மோதினால் என்னாகும்?

உபுண்டுவின் பல டூல்களே பைதானில் எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்று பழைய லைப்ரரியை நம்பி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 'சூடோ' போட்டு, பிப் மூலம் அதே லைப்ரரியின் புது வெர்ஷனை நிறுவுகிறீர்கள். அடுத்த முறை அந்த டூல் புதியதைத்தான் எடுக்கும். தேவையான வசதி அதில் நீக்கப்பட்டிருந்தால், டூல் அப்படியே நின்றுவிடும்.

ஆப்ட் மூலம் திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் சரியாகாமல் போகலாம். ஏன்? பிப் வைத்த காப்பி வேறு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். பைதான் முதலில் தேடுவதும் அங்கேதான்.

தடை எப்போது வந்தது?

'பெப் 668' என்ற பைதான் விதிமுறைப்படி, சிஸ்டம் பைதானின் ஃபோல்டரில் ஓர் அடையாள ஃபைல் வைக்கப்படுகிறது. அதைப் பார்த்தால் பிப் நின்றுவிடும். 2023 ஜனவரியில் வந்த பிப் 23.0 முதல் இந்த வசதி உள்ளது. உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவற்றிலிருந்து தடை அமலுக்கு வந்தது.

அப்போ எப்படி இன்ஸ்டால் பண்றது?

* முதலில் ஆப்ட்டில் தேடுங்கள். பைதான் லைப்ரரிகளின் பெயர் அதில் பெரும்பாலும் 'பைதான்3-' என்று தொடங்கும்.

* சொந்த புராஜெக்ட் என்றால் 'வென்வ்' பயன்படுத்துங்கள். அது தனி ஃபோல்டர். அதற்குள் பிப் தாராளமாக ஓடும். ஏதாவது சொதப்பினாலும் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும், சிஸ்டத்துக்கு பாதிப்பில்லை.

* பைதானில் எழுதிய தனி டூல் வேண்டுமா? 'பிப்எக்ஸ்' போதும். ஒவ்வொரு டூலையும் தனித்தனி அறையில் வைத்துவிடும்.

எதைச் செய்யக் கூடாது?

'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் எரர் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். எரர் போகும், ஆனால் ஆபத்து போகாது. 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்பதே அதன் அர்த்தம். அடையாள ஃபைலை அழிப்பதும் அதே ரகம்தான்.

சிஸ்டம் பைதானை ஆப்ட் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வேலைக்கு ஒரு 'வென்வ்' போடுங்கள், ஒரு நிமிட வேலைதான்.