விளையாட்டு நடுவர்களின் உடை

நடுவரின் சீருடை அவருக்கு மரியாதை தேடித் தரவே ஏற்பட்டது என்ற எண்ணம் பரவலாக உண்டு. விதிகளையும் அவை பிறந்த சூழலையும் பார்த்தால், ஆட்டம் குழம்பாமல் நடக்கத்தான் அது முதலில் தேவைப்பட்டது. மிடுக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கால்பந்தின் கோடு போட்ட சட்டையை எடுத்துக்கொள்ளலாம். 1920-இல் லாயிட் ஓல்ட்ஸ் என்ற நடுவர் வழக்கமான வெள்ளைச் சட்டையில் நின்றபோது, வெள்ளை உடுத்திய அணியின் வீரர் தம் ஆள் என்று நினைத்து அவர் கையிலேயே பந்தைக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மறு ஆண்டு ஓல்ட்ஸ் கருப்பு வெள்ளைக் கோடுகளோடு வந்தார். கால்பந்தில் நெடுங்காலம் கருப்பே நடுவர் நிறம். 1992-இல் தொடங்கிய இங்கிலாந்து பிரீமியர் லீக் பச்சைச் சட்டை கொடுத்ததும், 1994 உலகக் கோப்பையில் வேறு நிறங்கள் வந்ததும் யாருடைய கௌரவத்தையும் குறைக்கவில்லை. இரு அணிகளிலிருந்தும் நடுவர் நிறத்தால் வேறுபட வேண்டும் என்கிறது கால்பந்தின் நான்காம் விதி. நேரம் பார்க்கும் கைக்கடிகாரம் தவிர நகை எதையும் அவர் அணியக் கூடாது என்பதும் அதே விதிதான். வீரரின் மோதிரத்தைக் கழற்றச் சொல்பவர் கையில் மோதிரம் மின்னினால் யார் கேட்பார்கள்?

ஜப்பானின் சூமோ இதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றும். அங்கே கியோஜி எனப்படும் நடுவர் பட்டாடையில் வருகிறார். கீழ்நிலையினருக்கு வெறுங்கால், அடுத்த நிலைக்கு வெள்ளைக் காலுறை, அதற்கும் மேலே செருப்பு. உச்சநிலை நடுவர் இடுப்பில் செருகும் குறுவாள், தீர்ப்பு தவறினால் உயிரை விடவும் தயார் என்பதன் அடையாளம். ஆனால் இந்த ஆடம்பரமும் அவரை உயர்த்துவதைவிட அவர் தீர்ப்புக்கு அவரையே பொறுப்பாக்குகிறது. அழகு அங்கே கடமையின் முத்திரை.

தீர்ப்பு சரியாக இருந்தால் சட்டை கசங்கியிருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தேய்த்த சட்டை தவறான அவுட்டைத் திருத்தாது. ஆனால் முதல் விசில் ஊதும்வரை வீரர்களுக்கு நடுவரைப் பற்றித் தெரிவது அவர் தோற்றம் மட்டுமே. அலங்கோலமாக வருபவரின் முதல் முடிவே சந்தேகத்தோடு பார்க்கப்படும். இந்த அளவோடு நேர்த்தி போதும். 

வேலைக்கு உதவுவது எதுவோ அதுவே முறையான உடை என்றால், பழக்கமில்லாத பொருள்களுக்கும் இடம் தரவேண்டும். 2015 டிசம்பரில் திண்டுக்கல்லில் நடந்த ரஞ்சி ஆட்டத்தில் ஆஸ்திரேலிய அம்பயர் ஜான் வார்டின் தலையில் பந்து பட்டு அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அடுத்த மாதம் கான்பராவில் இந்தியா ஆடிய ஒருநாள் போட்டியில் அவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றார். அதே 2016-இல் புரூஸ் ஆக்சன்ஃபோர்டு முன்கையில் கண்ணாடி போன்ற கேடயத்தைக் கட்டிக்கொண்டு அம்பயராக நின்றார்.