சுப்பாண்டியின் முகம்

சென்னைக்கு வடக்கே, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில், கூடூர் செல்லும் இருப்புப்பாதையின் மேல் அமைந்த ஊர் கவரைப்பேட்டை. கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின், வட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல இப்பகுதியில் குடியேறியுள்ளன. அவர்களுடைய பிள்ளைகளுள் சிலர், அந்தி நேரத்தில் நம்மிடம் ஓத வருகின்றனர். அவர்களுள் பீகாரிலிருந்து புதிதாக வந்த சிறுவன் ஒருவன். தமிழில் அவன் அப்பொழுது அறிந்திருந்தவை நா, போ, பார் போன்ற சிறு சொற்களே.

மழை தூறத் தொடங்கிய ஒரு மாலை, வாசலில் கிடந்த காலணிகளைச் சுட்டி, “செருப்புகளைப் பார்த்துக்கொள்” என்று அவனிடம் கூறிவிட்டு நாம் பாடத்தில் ஆழ்ந்தோம். சற்று நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால், கொட்டும் மழையில் தலை முதல் கால் வரை நனைந்தவனாய் அவன் நிற்கிறான். அவன் கண்கள் செருப்புகளை விட்டு அகலவில்லை. செருப்புகளும் அவனைப் போலவே நன்றாக நனைந்து கிடந்தன. பார்க்கச் சொன்னோம், பார்த்தான். முதலில் சிரித்தவர் நாம்தாம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதன் பின்னரே பிள்ளைகள் சிரித்தனர். ஒருவன், “சுப்பாண்டி!” என்று கூவினான். மறுநாள் முதல் அச்சிறுவனுக்கு அதுவே பெயராயிற்று. நான்கு நாட்கள் அவன் ஓத வரவில்லை.

யார் இந்தச் சுப்பாண்டி? நம் பிள்ளைகளின் கையில் வண்ணப் புத்தகமாகவும், கைப்பேசித் திரையில் அசையும் படமாகவும் உலவும் இவன் எங்கே பிறந்தான்? இவனுக்கு இந்த முகத்தைக் கொடுத்தவர் யார்? அந்நான்கு நாட்களும் நம் மனத்தை உறுத்திய வினாக்கள் இவை.

சுப்பாண்டி தமிழ்நாட்டான். ஆனால் அவன் முகம் பம்பாயில் வரையப்பட்டது. கார்க்களாவில் 1929ஆம் ஆண்டு பிறந்தவர் அனந்த் பாய். ‘அங்கிள் பாய்’ என்று குழந்தைகளால் அழைக்கப்பெற்ற அவர், 1967இல் ‘அமர் சித்திரக் கதா’ என்னும் சித்திரக்கதை வரிசையைத் தொடங்கினார். டில்லித் தொலைக்காட்சியில் நடந்த ஒரு வினாடிவினாவில், கிரேக்கப் புராணத்தைப் பற்றிக் கேட்டபொழுது விடையளித்த பிள்ளைகள், இராமனின் தாய் பெயரைக் கேட்டபொழுது விழித்தனராம். அதைக் கண்ட வருத்தமே அம்முயற்சிக்கு வித்தாயிற்று என்று அவர் சொல்வதுண்டு. அதன் பின் 1980ஆம் ஆண்டு நவம்பரில், இந்தியா புக் ஹவுஸ் வெளியீடாக, ‘டிங்கிள்’ என்னும் ஆங்கிலச் சிறுவர் இதழ் அவர் ஆசிரியப் பொறுப்பில் வெளிவரத் தொடங்கியது. வாசகர்கள் தத்தம் ஊரில், தத்தம் பாட்டிமாரிடம் கேட்ட கதைகளை எழுதி அனுப்பலாம் என்று அவ்விதழ் கதவைத் திறந்து வைத்தது.

அந்தக் கதவின் வழியே திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு வாசகர் அனுப்பியவையே சப்பாண்டி என்னும் பேதையைப் பற்றிய நாட்டுப்புறக் கதைகள். ஆசிரியர் குழுவிலிருந்த லூயிஸ் பெர்னாண்டஸ் அவற்றைச் சித்திரக்கதைக்கு ஏற்றவாறு திருத்தி எழுதினார். ராம் வாயீர்கர் படம் வரைந்தார். சப்பாண்டி, சுப்பாண்டி ஆனான். 1983ஆம் ஆண்டு ஜனவரியில், டிங்கிளின் 27ஆம் இதழில் அவன் முதன்முதலாகத் தோன்றினான். வரவேற்பு பெருகவே, இன்னும் பல வாசகர்கள் தாம் அறிந்த பேதைமைக் கதைகளை எழுதியனுப்ப, அவன் நிலையாகத் தங்கிவிட்டான். தனி ஒருவர் படைத்த பாத்திரம் என்று இவனைச் சொல்ல இயலாது. ஊர் பேர் தெரியாத கிழவிகளுக்கும் இவனில் பங்குண்டு.

ஓவியர் ராம் வாயீர்கர் எளியவர் அல்லர். அமர் சித்திரக் கதா வரிசையில் பெரும் புகழ் பெற்ற கிருஷ்ணன் கதைக்குப் படம் வரைந்தவரும் அவரே. புராண நாயகர்களின் பரந்த தோளையும் திரண்ட புயத்தையும் தீட்டிப் பழகிய கை, ஒரு பேதைக்கு உருவம் கொடுக்க வேண்டி வந்தபொழுது என்ன செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உருளையைப் போல் நீண்டுயர்ந்த தலை, ஒல்லியான உடல், கள்ளமற்ற கண்கள், எது நேர்ந்தாலும் மாறாத புன்னகை. இவ்வளவே. தலையின் வடிவம் ஒன்றே போதும். நிழலைக் கண்டாலும் குழந்தை அவனை அடையாளம் கண்டுகொள்ளும். அந்த முகத்தில் வஞ்சகம் இல்லை, சோம்பல் இல்லை, வெட்கமும் இல்லை. எசமானர் வேலையை விட்டு நீக்குகிறார். அடுத்த கதையில் வேறொரு வீட்டிலோ கடையிலோ அதே புன்னகையுடன் வந்து நிற்கிறான். கோமாளியை அருவருப்பாக வரைவது சித்திரக்காரர்க்கு எளிது. கோணல் வாயும் பிதுங்கிய விழியும் போட்டால் பிள்ளைகள் சிரித்துவிடுவர். வாயீர்கர் அந்த எளிய வழியை மேற்கொள்ளவில்லை. சுப்பாண்டியைக் கண்டு சிரிக்கும் குழந்தை அவனை வெறுப்பதில்லை. அதற்குக் காரணம் கதையை விட அம்முகமே என்பது நம் கருத்து.

ஓதிப் படித்தவர் சித்திரப் பொம்மையைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று புருவம் உயர்த்தும் அன்பர்கள் இருக்கலாம். உருவப் படங்களைப் பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை நாம் அறியாதவர் அல்லர். ஆயினும் சிறுவர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு மார்க்கச் சட்ட மேதைகளுள் பெரும்பாலோர் விலக்களித்துள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளம் பருவத்தில் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அபூதாவூதில் இன்னொரு செய்தி. காற்றில் திரை விலக, பொம்மைகளுக்கு நடுவே துணித்துண்டுகளால் ஆன இரு இறக்கைகளுடன் ஒரு குதிரையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குதிரைக்கும் இறக்கையா என வியந்து வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்று அன்னையார் பதிலளித்தார்கள். பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இறக்கை முளைத்த அக்குதிரையை நினைக்கும்போதெல்லாம் நமக்கு உள்ளம் குளிரும்.

பேதையின் கதைக்கு வருவோம். அரபு இலக்கியத்தில் ஜுஹாவை அறியாதார் இலர். இப்னு நதீம் ஹிஜ்ரி 377இல், அதாவது 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொகுத்த ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலிலேயே ஜுஹாவின் வேடிக்கைக் கதைகள் என்றொரு நூல் இடம்பெறுகிறது. பிற்காலத்தில் துருக்கியின் நஸ்ருத்தீன் கோஜாவும் இவரும் ஒருவரோ இருவரோ என்று பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிட்டனர். முல்லா கதைகள் என்று நாம் தமிழில் படிப்பவை அக்கலவையின் கிளைகளே. ஹிஜ்ரி 597இல் மறைந்த பக்தாதுப் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், அறிவாளிகளைப் பற்றி ஒரு நூலும் அறிவிலிகளைப் பற்றி ஒரு நூலுமாக இரண்டை எழுதினார்கள். பேதையரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்பதற்கு அவர்கள் முன்னுரையில் மூன்று காரணங்கள் காட்டுகிறார்கள். கேட்பவன் தனக்கு வாய்த்த அறிவுக்கு நன்றி செலுத்துவான். பேதைமைக்குரிய காரணங்களைத் தவிர்ப்பான். களைத்த உள்ளம் இளைப்பாறும். மூன்றாவது காரணத்தை ஓர் இமாம் துணிந்து எழுதியிருப்பதை எண்ணி நாம் மகிழ்வதுண்டு.

தமிழிலோ, வீரமாமுனிவர் என்னும் இத்தாலியப் பாதிரியாரின் பரமார்த்த குருவின் கதை இருக்கிறது. 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறிய அக்கதையில் வரும் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். குருவின் தலைப்பாகை வழியில் விழுந்துவிட, அதை எடுக்கவில்லை என்று அவர் கடிந்துகொள்கிறார். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பது கட்டளை. உடனே குதிரை இட்ட சாணத்தையும் எடுத்து வருகின்றனர். பிறகு எவையெவை விழுந்தால் எடுக்க வேண்டும் என்று ஓலையில் எழுதி வாங்கிக்கொள்கின்றனர். கடைசியில் குருவே குழியில் விழ, அவர் பெயர் ஓலையில் இல்லையாதலால் அவரைத் தூக்காமல் நிற்கின்றனர். சொன்னதைச் சொன்னபடியே செய்தல், அதனால் சொன்னவர் மாட்டிக்கொள்ளல் — சுப்பாண்டிக் கதைகள் பலவற்றின் சூத்திரம் இதுவே. மழையில் செருப்பைப் பார்த்து நின்ற சிறுவனின் கதையும் இதுவே அல்லவா?

இங்கே ஒரு வேறுபாடு நம் கண்ணில் படுகிறது. ஜுஹா தம் வீட்டுக்குத் தாமே எசமானர். ஒரு கதையில் ஏமாறுவார், மறு கதையில் ஆளுநரையே ஏமாற்றுவார். கேட்பவர் மனத்தில் அவருக்கு நூறு முகம். பரமார்த்த குரு கதையிலும் சீடர்களை விடக் குருவின் மேலேயே நகைப்பு அதிகம் விழுகிறது. சுப்பாண்டிக்கோ ஒரே முகமும் ஒரே நிலையும் வகுக்கப்பட்டன, அவன் பணியாள். வீட்டு வேலை, கடை வேலை, காவல் வேலை என்று மாறினாலும் பிறருக்குக் கீழ்ப்பட்டவன்.

அதே 1983இல், அதே லூயிஸ் பெர்னாண்டஸ் எண்ணத்தில் உருவாகி, ஓவியர் வசந்த் ஹல்பேயின் கையால் உருப்பெற்ற இன்னொருவன் ஷிகாரி சம்பு. இவன் வேட்டைக்காரன், பெரும் கோழை. தலைத்தொப்பி கண்களை மூடியிருக்க, அவன் கண்களை வாசகர் காண்பதில்லை. அச்சத்தில் ஓடித் தடுக்கி விழுந்து தற்செயலாகப் புலியைப் பிடித்துவிடுவான். ஊரார் மாலை சூட்டுவர். தவறிச் செய்த வேட்டைக்காரனுக்கு மாலை. சொன்னபடி செய்த வேலைக்காரனுக்குப் பணி நீக்கம்! படைத்தவர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. உலகம் இருந்தவாறு வரைந்தார்கள், அவ்வளவுதான். ஆயினும் இரு பாத்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பெற்றோர்க்கு இது தெரியாமல் போகாது.

சுப்பாண்டியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அக்கதைகளை ஊன்றிப் படித்தால், பிழை பாதி எசமானருடையதாகவே இருக்கும். அவர் அரைகுறையாகக் கட்டளையிட்டிருப்பார். மனத்தில் உள்ள மீதியை வேலைக்காரன் தானே அறிந்துகொள்ள வேண்டும் என்று எண்ணியிருப்பார். செருப்புகளைப் பார்த்துக்கொள் என்று நாம் சொன்னதைப் போல. அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் பெருமானாரின் பணியில் இருந்தவர்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் ‘சீ’ என்று அவர்கள் தம்மைச் சொன்னதில்லை, இதை ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸை எத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம்! திருமறையின் 49ஆம் அத்தியாயத்து 11ஆம் வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் ஒரே மூச்சில் தடுக்கிறது என்பதையும் கற்பித்திருக்கிறோம். செருப்பு நனைந்த மாலையில் இரண்டும் நம் நினைவுக்கு வரவில்லை.

பம்பாய்க்குப் போன சுப்பாண்டி தமிழுக்குத் திரும்பியது எப்படி என்பதையும் குறித்தாக வேண்டும். 1980களின் நடுவில், வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு ‘பூந்தளிர்’ என்னும் தமிழ்ச் சிறுவர் இதழ் வெளிவந்தது. டிங்கிளின் சித்திரக்கதைகள் அதில் தமிழாயின. ஷிகாரி சம்பு வேட்டைக்கார வேம்பு ஆனான். காலியா என்னும் காகம் காக்கை காளி ஆயிற்று. சுப்பாண்டிக்கு மட்டும் புதுப் பெயர் தேவைப்படவில்லை. திருச்சியிலிருந்து புறப்பட்டவன், ஆங்கிலம் கற்று, உருளைத் தலையும் புன்னகையும் பெற்றுக்கொண்டு, பெயர் மாறாமல் ஊர் வந்து சேர்ந்தான். அவ்விதழ் நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. வாயீர்கர் 2003இல் மறைந்தார்; அவருடைய மகள் அர்ச்சனா அம்பேர்கர் அந்தத் தலையை அதே அளவில் தொடர்ந்து வரைந்தார். அனந்த் பாய் 2011 பிப்ரவரியிலும், வாண்டுமாமா 2014இலும் மறைந்தனர்.

ஐந்தாம் நாள் அச்சிறுவனின் தந்தையைக் கண்டு பேசி, அவனை மீண்டும் அழைத்து வந்தோம். பிள்ளைகள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, பார்த்துக்கொள் என்றால் என்ன பொருள் என்பதை விளக்காமல் விட்டது நம் பிழை என்று ஒப்புக்கொண்டோம். பட்டப்பெயர் சூட்டியவனே தன் வண்ணப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தான். அவன் பக்கங்களைப் புரட்டினான். எழுத்து அவனுக்குப் புரியாது, படம் புரிந்தது. ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தான். பின்னர் நம் முகத்தை ஏறிட்டு நோக்கி, தட்டுத் தடுமாறிய தமிழில், “ஹஜ்ரத், இவன் என்ன பாஷை பேசுவான்?” என்று கேட்டான்.

முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம், பிறகு மீண்டும் தமிழ், உன் ஊரில் ஒருவேளை இந்தி என்று சொல்லத் தொடங்கினோம். அதற்குள் மஃரிபுக்கு பாங்கு சொல்லப்பட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லாரும் எழுந்தோம்.