பாலில் போட வேண்டிய பல்

பெர்லின், 1936 ஆகஸ்ட் 15. ஒலிம்பிக் ஹாக்கி ஃபைனல். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் மல்லுக்கட்டு. ஜெர்மனி கோல்கீப்பர் மோதியதில் நம் கேப்டன் தியான் சந்தின் பல் ஒன்று போயே போச்சு! முதலுதவி செய்துகொண்டு மறுபடி மட்டையோடு வந்து நின்றார் மனிதர். இந்தியா 8-1 என்று ஜெயித்தது. கோல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. பல்?

சரி, பல்லுக்குக் கவசம் அப்போது கிடையாதா? இருந்தது. குத்துச்சண்டைக்காரர்கள் ஆரம்பத்தில் பஞ்சையும் மரத்துண்டையும் கடித்துக்கொண்டுதான் மேடை ஏறினார்கள். 1890-களில் லண்டன் பல் டாக்டர் உல்ஃப் க்ராஸ், 'கட்டா பெர்ச்சா' என்ற மரப்பிசினைப் பட்டையாக்கி, வீரர்களின் முன்பல் மேல் வைத்து அனுப்பினார். பிசின் எங்கிருந்து வந்தது? மலாயாக் காடுகளிலிருந்து! (இன்றைக்கு ரூட் கெனால் செய்தால் உங்கள் பல்லுக்குள் அடைப்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான்.)

இருந்தும் கவசம் எடுபட ஒரு தோல்வி தேவைப்பட்டது. 1927-ல் ஜாக் ஷார்க்கியோடு மோதிய மைக் மெக்டீக், ஜெயிக்கிற நிலையில்தான் இருந்தார். உடைந்த பல் ஒன்று அவருடைய உதட்டையே கிழித்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. ஆட்டம் கைநழுவியது. அதற்குப் பிறகுதான் கவசம் குத்துச்சண்டையில் சகஜமானது.

இத்தனை கதையும் தெரிந்து என்ன பிரயோஜனம்?

சில வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். மணலில் கபடி. பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் பாடிப் போனான்; பிடித்தவன் முழங்கை வாயில் பட்டது. முன்பல் வேரோடு மணலில் கிடந்தது. "ஐயோ, புள்ள மூஞ்சி போச்சே!" என்று ஓர் ஆயா அலற, நான் பெரிய மனுஷத் தோரணையில் பல்லை எடுத்து, கர்ச்சீப்பால் அழுத்தித் துடைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். பஸ் பிடித்துப் பொன்னேரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

டாக்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். "டீக்கடையில ஒரு டம்ளர் பால் வாங்கி அதுல போட்டு எடுத்துட்டு வந்திருக்கலாமே சார்!"

விஷயம் இதுதான். பல்லின் வேர் மேல் உயிருள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது. அது உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி எலும்போடு சரியாக ஒட்டும். காய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய செத்துவிடும். நான் துடைத்தது அழுக்கை இல்லை, அந்த உயிரை!

செய்ய வேண்டியது: வேரைத் தொடாமல் மேல்பக்கம் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலிலோ நல்ல தண்ணீரிலோ லேசாக அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் உடனே குழியிலேயே பொருத்தி, சுத்தமான துணியை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓடுங்கள். (விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது.) வெந்நீரில் இளக்கிக் கடித்து அச்செடுக்கும் கவசம் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. பிள்ளை மைதானத்துக்குப் போகிறதென்றால் ஷூவோடு அதையும் வாங்கிவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போதும் கபடி ஆடுகிறான். சிரிக்கும்போது மட்டும் கையால் வாயை மூடிக்கொள்கிறான்.