ரெண்டு பேட்டரியும் ஒரு நீல ஒயரும்

போன அக்டோபர்ல ஜெர்மனியின் ஷ்வார்ட்ஸ்வால்ட் காட்டுப்பக்கம் வேனிலேயே ஒரு ராத்திரி தூங்கினோம். விடிகாலை அஞ்சு மணிக்குப் பொண்ணுக்கு 103 டிகிரி காய்ச்சல். சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்ளோதான். ராத்திரி பூரா ஓடின ஃப்ரிட்ஜ் பேட்டரியைக் குடிச்சு முடிச்சிருந்தது. இத்தனைக்கும் எங்க வண்டியில ரெண்டு பேட்டரி! பக்கத்து வேன்காரர் ஜம்பர் கேபிள் கொடுத்துக் காப்பாத்தினார். (பொண்ணு இப்ப செம சேட்டை, கவலைப்படாதீங்க.)

ரெண்டு இருந்தும் ஏன் மாட்டினோம்னு குடைஞ்சப்ப கிடைச்ச கதைதான் இது.

1859-ல கேஸ்டன் பிளான்டே ஈய-அமில பேட்டரியைச் செய்தார். 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அன்னிலேர்ந்து கார் பேட்டரியின் முக்கிய வேலை, சில விநாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாரி இறைப்பது. அதுக்காகவே தகடுகள் மெலிசு. மெதுவா, ஆழமா உறிஞ்சினா சீக்கிரமே செத்துடும்.

ஃபோக்ஸ்வாகன் வேன் 1950-ல வந்தது. அடுத்த வருஷமே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதுக்குள்ள கழட்டி மாட்டுற கட்டில், அலமாரியெல்லாம் செய்து வித்தது. கரண்டுக்கு அதுல பெரிசா வேலையில்லை. வேனே அப்ப 6 வோல்ட்தான்; 1967 மாடலில்தான் 12 ஆச்சு. தலைவலி ஃப்ரிட்ஜோடு வந்தது. சூட்டை வச்சுக் குளிர வைக்கிற இந்த வகையை 1922-ல ரெண்டு ஸ்வீடிஷ் மாணவர்கள், வான் பிளாட்டனும் முன்டர்ஸும், கண்டுபிடிச்சாங்க. நிறுத்தினா கேஸ்ல, ஓட்டும்போது 12 வோல்ட்ல ஓட்டணும். 12 வோல்ட்ல சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுக்கோங்க. அன்னிக்கு கேஸுக்கு மாத்த மறந்தது அடியேன்தான் :-)

இந்த மறதிக்குத்தான் ரெண்டாவது பேட்டரி. ஓடும்போது ரெண்டும் சார்ஜ் ஆகணும், நின்னதும் பிரியணும். கையால திருப்புற சுவிட்ச் இருந்தது, ஆனா மறதிக்காரன் அதையும் மறப்பான். டயோடு போட்டா தானா பிரியும், ஆனா 0.7 வோல்ட்டை அதுவே தின்னுடும், ரெண்டாவது பேட்டரி முழுசா நிரம்பாது.

எனக்குப் பிடிச்சது ரிலே. ஆல்டர்னேட்டரின் 'டி ப்ளஸ்' முனையிலிருந்து டேஷ்போர்டு சார்ஜ் விளக்குக்கு ஒரு நீல ஒயர் போகும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணும்போது மட்டும் அதில் 12 வோல்ட்டுக்கு மேல இருக்கும். அதையே ரிலேவுக்குக் கொடுத்தா முடிஞ்சது. 1980-கள்ல வந்த எங்க டி3 வேனில் டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தா, நீல ஒயர் டேப் சுத்தி அநாதையாத் தொங்குது! ரிலே செத்திருக்கும் போல, முன்னாடி வச்சிருந்த புண்ணியவான் ரெண்டு பேட்டரியையும் நேரா கட்டிட்டார். பேருக்கு ரெண்டு, நடைமுறையில ஒண்ணு.

"நானும் ரிலே போடறேன்"னு 2019 மாடல் வேன் வச்சிருக்கிற நண்பர் கிளம்பினார். தடுத்துட்டேன். யூரோ 6 விதி வந்தப்புறம் நிறைய வண்டிகள்ல எரிபொருள் மிச்சம் பண்ண ஆல்டர்னேட்டர் வோல்டேஜை அடிக்கடி இறக்கிடும். சாதா ரிலே இருந்தா ரெண்டாவது பேட்டரி பட்டினிதான். அங்கே டிசி-டிசி சார்ஜர் வேணும். அவர் வச்சிருக்கிறது லித்தியம் வேற. 1997-ல டெக்சஸில் பாடி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் வெளியிட்ட இரும்பு-பாஸ்பேட் வகை. கொடுத்த கரண்டையெல்லாம் விழுங்கி ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிடும். சார்ஜர்தான் அளந்து கொடுக்கணும்.

எனக்குப் பழைய வழியே போதும். புது ரிலே, நடுவில் போற கேபிளின் ரெண்டு முனையிலும் ஃப்யூஸ். ஏன் ரெண்டுன்னா, கேபிள் எங்கேயாவது உரசி பாடியில பட்டா ரெண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃப்யூஸ் போட்டா மறுபக்கம் எரியும்.

போன மாசம் மறுபடியும் ஃப்ரிட்ஜை மாத்த மறந்தேன். காலையில ரெண்டாவது பேட்டரி 11 வோல்ட், பால் திரிஞ்சு போச்சு. வண்டி ஒரே திருப்புல கிளம்பிடுச்சு.