நீரடிமுத்து மரமும் மார்கரின் டப்பாவும்

சுங்கை பூலோ என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இன்று இரண்டு நினைவுக்கு வரும்: பெரிய மருத்துவமனை, சாலையோரத்துப் பூச்செடி நாற்றங்கால்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. வெளியே போக முடியாதவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றார்கள். அவர்கள் கைபட்ட பணத்தைத் தொடவே ஊர் அஞ்சியதால், குடியிருப்புக்கென்று தனி நோட்டு அச்சடித்துக் கொடுத்த காலம் அது.

அங்கே பூச்செடிகளோடு ஹிட்னோகார்ப்பஸ் மரங்களும் வளர்ந்தன. அதன் இந்திய இனத்தைச் சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்பார்கள், மலையாளிகள் மரோட்டி என்பார்கள். அந்த விதையின் எண்ணெய்தான் டாப்சோன் மாத்திரை வருவதற்கு முன்பு தொழுநோய்க்கு இருந்த ஒரே நம்பிக்கை. சுங்கை பூலோவுக்கு வித்திட்ட டாக்டர் டிராவர்ஸ், அதற்கு முன்பே கோலாலம்பூர் செதாப்பாக் தொழுநோய் விடுதியில் சீனர்களின் ‘தாய் ஃபூங் சீ’ விதையைக் கொடுத்துப் பார்த்தவர். அதுவும் இதே குடும்பம். ஒரே தொல்லை, விழுங்கினால் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். அதனால்தான் எண்ணெயை ஊசியில் ஏற்றினார்கள். வலித்தாலும் வயிறு தப்பியது.

நோயாளிகளே விழுங்கத் திணறிய இந்த எண்ணெயை, ஐரோப்பாவில் ரொட்டியில் தடவித் தின்ற கதை ஒன்று உண்டு.

1910 டிசம்பர். ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவில் மோர் கம்பெனி தயாரித்த ‘பாக்கா’ மார்கரினைச் சாப்பிட்டவர்கள் கூட்டங்கூட்டமாக வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் விழுந்தார்கள். அப்போது கொழுப்பு விலை ஏறிக்கிடந்தது. மலிவாகக் கிடைத்த புதுக் கொழுப்பு ஒன்றைக் கம்பெனி கலந்திருந்தது. இந்தியாவிலிருந்து வந்த அந்தச் சரக்குக்குச் சந்தையில் ‘ஏலக்காய் எண்ணெய்’ என்று பெயர், ‘மரட்டி’ என்றும் சொன்னார்கள். ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது ஹிட்னோகார்ப்பஸ் என்று தெரிந்தது. ஏலக்காய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜெர்மனியில் மார்கரினுக்குச் சட்டமே இல்லாமல் போய் இது நடக்கவில்லை. 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி டப்பாவில் ‘மார்கரின்’ என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். கொழுப்பில் பத்து விழுக்காடு நல்லெண்ணெயும் கலந்தாக வேண்டும். நல்லெண்ணெய் இருந்தால் அமிலச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டிக்கொடுத்துவிடும், யாரும் மார்கரினை வெண்ணெய் என்று விற்க முடியாது. இந்தியாவில் வனஸ்பதிக்கு நல்லெண்ணெய் சேர்க்கச் சொன்னதும் இதே தந்திரந்தான். கெட்டிக்காரத்தனமான சட்டம், சந்தேகமில்லை. ஆனால் அது காப்பாற்றியது வெண்ணெய் வியாபாரியை. மீதிக் கொழுப்பு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று அது கேட்கவில்லை. தின்பவனுக்கும் சொல்லவில்லை.

மலாயாவுக்கு 1952-இல் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம், அதையொட்டி 1985-ஆம் ஆண்டு விதிமுறைகள். சேர்மானங்களை எடை வரிசையில், கூடியதை முதலில் எழுத வேண்டும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, அவற்றிலிருந்து எடுத்தவை எதுவானாலும் பெயருக்கு அடியிலேயே போட வேண்டும். இந்துவும் முஸ்லிமும் ஒரே அலமாரியிலிருந்து எடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

சாயம், பதப்படுத்தி, சுவையூட்டி என்று வந்தபோது மட்டும் விதி நழுவிக்கொண்டது. சிரப் போத்தலின் பின்பக்கம் கடுகளவு எழுத்தில் ‘மெங்ஙண்டூஙி பெவார்னா யாங் டிபெனார்கான்’ என்று போட்டாலே நீண்ட காலம் போதுமானதாக இருந்தது. அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி கலந்திருக்கிறது என்று அர்த்தம். எந்தச் சாயம், டார்ட்ரஸீனா, கார்மாய்சினா? அது அரசாங்கத்துக்கும் ஆலைக்கும் தெரிந்தால் போதும் என்றிருந்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை 1970 முதல் வழிநடத்திய எஸ். எம். முகமது இட்ரிஸ் போன்றவர்கள் இந்த மாதிரி மூடுமந்திரத்தோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கு நின்றார்கள்.

போத்தலுக்காவது லேபிள் உண்டு. ஈரச் சந்தையில் கிலோ கணக்கில் விற்கும் மீ எனும் நூடுல்ஸுக்கு அதுவும் கிடையாது. 1988 அக்டோபரில் பேராக்கில், ஒன்பது பேரரசர் திருவிழாச் சமயத்தில், ‘லோ ஷீ ஃபன்’ எனும் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்ட 13 குழந்தைகள் இறந்தார்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் போரிக் அமிலத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் விழுந்தது. ஈரலைத் தாக்கியது பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் என்று பிறகு வந்த ஆய்வு காட்டியது. உணவில் சேர்க்கவே கூடாத போரிக் அமிலமும் அந்த மீயில் இருக்கத்தான் செய்தது.

மாதிரிகளைக் கரைத்து, பிரித்து, அளக்கும் தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகம் பிற்காலத்தில் சுங்கை பூலோவிலேயே அமைந்தது. ஆய்வகம் கண்டுபிடிப்பது அறிக்கையில் ஏறும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் போகும். கடையில் நிற்பவருக்குக் கையிலிருக்கும் லேபிளை விட்டால் வேறு வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் டார்ட்ரஸீன், கார்மாய்சின் உட்பட ஆறு சாயங்களைக் குறிப்பிட்டு, அவற்றில் எது கலந்திருந்தாலும் அதன் பெயரையோ எண்ணையோ அச்சிட்டு, குழந்தைகளின் கவனத்தையும் செயல்பாட்டையும் பாதிக்கக்கூடும் என்ற வரியையும் சேர்க்க வைத்தது. அங்கே ஆலைகள் பல அந்த வரியைப் போடுவதைவிடச் சாயத்தையே மாற்றிக்கொண்டன.